போட்டு வாறன்

பெப்ரவரி 3, திங்கள்

தண்ணீர் இரண்டு தரம் வந்தது. காலையில் வந்ததில் மணல் அதிகம். மணலைப் பிடிக்கும் வடியைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவதற்குள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நான்கு தரம் ஆள் அனுப்பிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால்தான் இங்கே என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை. மனைவி வதனிதான் கேட்டாள். "போனில என்ன கேட்டாலும் சாப்பிட்டனான், படுத்தனான் எண்டுதான் சொல்லுறியள். எழுதிக்கொண்டு வாங்கோ, வந்தாப் பிறகு நான் வாசிக்கிறன்." சரி, எழுதுகிறேன். சுற்றிவரப் பாலைவனம், நடுவில் ஓர் ஓடுபாதை. ஓடுபாதை இந்த நாட்டு ராணுவத்துக்குச் சொந்தம். அதைப் பாவிப்பது வேறொரு நாட்டுப் படை. அவர்களுக்குச் சமைக்க, உடுப்புத் தோய்க்க, தண்ணீர் பிடிக்க எங்களைப் போலப் பிற நாட்டு ஆட்கள். ஊர்க்காரர் மட்டும் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

போன கிழமை பெட்டிபெட்டியாக வந்த சாமானைப் பூட்டி இன்று பின்னேரம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். உள்ளே ஆள் இல்லை. படைக்காரர் அதைப் பறவை என்கிறார்கள். என் அறையில் இருக்கும் பாண்டி அண்ணை 'ரிமோட்டு பிளேன்' என்கிறார். எல்லோரும் வெளியே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். நான் தண்ணீர்த் தாங்கியடியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன். எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

பெப்ரவரி 5, புதன்

வதனிக்கு மாமனைப் பற்றி எழுத வேண்டும். தண்ணீர் பவுசர், அதுதான் தாங்கி பூட்டிய லொறி, ஓட்டும் ஊர்க்காரர். உண்மைப் பெயர் மகமான். எங்கள் வாயில் அது ஒரே நாளில் மாமன் ஆகிவிட்டது. பதிலுக்கு அவர் என்னை மச்சான் என்கிறார். யாரோ அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறார். சுகிர்தன் என்று திருத்திப் பார்த்தேன். அவருடைய நாக்கு அந்தப் பக்கம் போக மறுக்கிறது.

பவுசரை உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நிறுத்தி, ஒரு குழாயை வேலியால் நீட்டுவார். நான் உள்ளே வால்வைத் திறப்பேன். வால்வு ஒரு மூலையில், பவுசர் மறு மூலையில். அதனால் எல்லாம் போனில்தான். "மச்சான், திற." "மச்சான், பூட்டு." இருவருக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி இங்கிலீஷ் இருக்கிறது. மிச்சத்துக்கு அவர் தமிழ் பழகிவிட்டார்.

வந்த புதிதில் வேலை முடிந்ததும் "நான் போறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைப்பார். எனக்கு அது காதில் விழவே பிடிக்காது. ஒருநாள் பேசிவிட்டேன். "அப்பிடிச் சொல்லக்கூடாது மாமன். போறன் எண்டு சொன்னால் போனதுதான். போட்டு வாறன் எண்டு சொல்லு." ஏன் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் அப்படித்தான் என்றேன். அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. இப்போது குழாயைக் கழற்றும்போது ஒரு தரம், பவுசரை எடுக்கும்போது ஒரு தரம், வளைவு தாண்டும்போது போனில் ஒரு தரம். "மச்சான், போட்டு வாறன்." இவ்வளவு தரம் சொல்பவர் வராமல் எங்கே போகப்போகிறார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வதனியோடு கதைத்தேன். சின்னவள் போனை வாங்கி நாய் குட்டி போட்டதை முழுதாகச் சொல்லி முடித்தாள். வைக்கும்போது வழக்கம்போல "சரி, போட்டு வாறன்" என்றேன். பாண்டி அண்ணை கட்டிலில் கிடந்தபடி பிடித்துக்கொண்டார்.

"எவனவே போட்டுட்டு வாரீரு?"

"என்ன அண்ணை?"

"தெனமும் போட்டு வாரேன், போட்டு வாரேன்னு சொல்லுதீரு. எங்க ஊருல அப்படிச் சொன்னா எவனோ செத்தான்னு அர்த்தம். இதுல அந்த வண்டிக்காரனுக்கு வேற படிச்சிக் குடுத்திருக்கீரு. அவன் ஆளப் பாத்தா போட்டாலும் போட்டுருவான்."

சாத்தான்குளத்துக்காரர். முழுப்பெயர் செந்தூர்பாண்டி. சமையலறையில் இருக்கிறார். வாய் இப்படித்தான். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்து என் கட்டிலடிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பெப்ரவரி 12, புதன்

காலையில் ரோட்டில் வெடித்தது. படையின் வாகனம் ஒன்று. இரண்டு பேருக்குக் கால் போய்விட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். ஹெலிகொப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

எங்கள் போன்களை வாங்கி இலக்கம் பதிந்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். இனிமேல் பேசுவதெல்லாம் கேட்கப்படும் என்று கூடத்தின் கதவில் ஒட்டியிருக்கிறது. வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களுடைய போனும் அப்படியே.

தண்ணீர் வரவில்லை. தாங்கியில் அரைவாசிதான் இருக்கிறது.

பெப்ரவரி 13, வியாழன்

நாள் முழுக்க மேலே பறவையின் சத்தம். தண்ணீர் ஒரு தரம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

மாமனை வாசலில் ஒவ்வொரு தரமும் இறக்கி, சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதிக்கிறார்கள். பவுசருக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குகிறார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "தண்ணிக்குக் கோவம் வந்தா நீ எப்பிடிக் குளிப்பாய்?" என்றார்.

போகும்போது பவுசரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். ரோட்டு வளைவில் நிறுத்தி, அதை அங்கே மேயும் ஆடுகளுக்கு ஊற்றிவிட்டுப் போவார். முன்பெல்லாம் மணலில் ஊற்றி ஊற்றி ஆடு குடிக்கும் முன்னரே அது காய்ந்துபோகும் என்று குறைப்பட்டார். போன மாதம் அடியில் ஓட்டை விழுந்த ட்ரம் ஒன்றை வெட்டி, ஓட்டையை அடைத்து, வேலிக்கு மேலால் கொடுத்தேன். அதை வளைவில் புதைத்து வைத்திருக்கிறார். காற்றில் மணல் வந்து மூடுவதால் ஒவ்வொரு நாளும் குனிந்து கிண்டித் துப்புரவாக்க வேண்டியிருக்கிறதாம். தாங்கிக்கு மேல் ஏறினால் எனக்கு வளைவு தெரியும். ஆடுகள் ஒரு புள்ளிக்கூட்டமாகத் தெரியும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

பாண்டி அண்ணை இன்று ஒன்று கேட்டார். "ஏன்வே நீரு வரிசையில நிக்கவே மாட்டேங்கீரு? எல்லாரும் தின்னு முடிச்ச பெறகு வந்து அடிச் சட்டியச் சொரண்டுதீரு."

கூட்டம் பிடிக்காது என்றேன். வெளியில் ஐந்தாறு பேர் சேர்ந்து நின்று புகைக்கும்போது நான் ஏன் தள்ளிப் போகிறேன் என்றும் கேட்டார். புகை பிடிக்காது என்றேன்.

எழுதவேண்டியது அதுவல்ல. மூன்று நாட்களாக ஒன்றைக் கவனிக்கிறேன். முதல் நாள் காற்று என்று நினைத்தேன். இரண்டாம் நாள் என் பழைய பயம் என்று நினைத்தேன். இன்று தாங்கிக்கு மேல் ஏறிக் காதைக் கொடுத்தேன். காலையில் பவுசர் வளைவில் தலைகாட்டும்போது சத்தமும் வருகிறது. மாமன் இங்கே நிற்கும்வரை சத்தம் நிற்கிறது. அவர் போக, அதுவும் போகிறது. உயரத்தில், கண்ணுக்குத் தெரியாமல். பவுசரோடு வந்து பவுசரோடு போகிறது.

பிழையாக இருக்கும். பிழையாக இருக்கவேண்டும்.

பெப்ரவரி 19, புதன்



மத்தியானம் பாண்டி அண்ணை சிரித்துக்கொண்டே அறைக்கு வந்தார். பாதுகாப்பு அலுவலகத்தில் கூப்பிட்டார்களாம். நீ தமிழனா என்று கேட்டு ஒரு தாளை நீட்டினார்களாம்.

"இங்கிலீசு எழுத்துல எழுதி வச்சிருக்கானுவ. நா மொதல்ல பொட்டு, வரன்னு வாசிச்சேன். எவளுக்கோ கல்யாணம் பேச என்னியக் கூப்புட்டானுவளோன்னு நெனச்சேன். அந்தக் கேப்டனம்மா சொல்லுது, இது போன்ல ஒருத்தன் பேசுனது, மெசினு தமிழுன்னு சொல்லுது, என்ன அர்த்தம்னு."

 "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உம்ம வாயில வர்றதுதான்னு எனக்குச் சட்டுனு பட்டுச்சு. அதச் சொன்னா உம்ம இழுத்துட்டுப் போயி உக்கார வச்சிருவானுவ. நீரு எந்த ஊரு, என்ன ஏதுன்னு நோண்டுவானுவ. நீரு ஒண்ணும் சொல்லாட்டாலும் எனக்குத் தெரியும்லா. அதான் பொத்தாம்பொதுவா, எதையோ போட்டுட்டுத் திரும்பி வாரேன்னு அர்த்தம், எங்க ஊருல இப்படி யாரும் பேச மாட்டாவன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மெசினும் அதான் சொல்லிச்சாம். சரியாப் போச்சுன்னு அந்தம்மா கைகுடுத்துச்சு."

அவர் மீது கோபப்பட என்ன இருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தாளில் இருந்தது என் குரல் இல்லை, மாமனுடையது. நான் ரோட்டில் போவதில்லை. வளைவில் நிறுத்திக் குனிந்து எதையும் புதைப்பதில்லை.

இதைச் சொன்னதும் அவருடைய முகம் செத்துவிட்டது. 

பெப்ரவரி 20, வியாழன்

என்னைப் போல் மடையன் இல்லை.

மாமனை எப்படியாவது எச்சரிக்க வேண்டும் என்று இரவெல்லாம் புரண்டேன். வேலிக்கு அருகில் இப்போது காவல் நிற்கிறது, நேரில் கதைக்க முடியாது. போன் மட்டும்தான். காலையில் தண்ணீர் இறக்கி முடிந்ததும் சொன்னேன்: "மாமன், இனிமேல் அதைச் சொல்லாதை."

"எதை, மச்சான்?"

"அந்தச் சொல்லை. போனில சொல்லாதை. வளைவில நிக்காதை. நேரே வீட்டை போ."

"ஆடு?"

"ஆட்டை விடு."

 அவர் எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார். சுகமில்லை என்றேன். "சரி மச்சான், சொல்லமாட்டன்" என்றார். பிறகு வாய்ப் பழக்கத்தில், "போட்டு வாறன்."

வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? உள்ளே இருக்கும் ஒருவன் வெளியே இருப்பவனிடம் சொல்கிறான்: போனில் சொல்லாதே, அந்த இடத்தில் நிற்காதே. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தாங்கிக்கு ஏறிப் பார்த்தேன். பவுசர் வளைவில் நின்றது. ஆட்டை எப்படி விடுவார். பத்து நிமிடம் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தார். மேலே சத்தம் கீழிறங்கி, வட்டம் சிறுத்து, ஓரிடத்தில் நின்று அரைத்துக்கொண்டிருந்தது.

பெப்ரவரி 21, வெள்ளி

வெள்ளிக்கிழமை பவுசர் வராது. அது எனக்கும் தெரியும், மேலே இருப்பவனுக்கும் தெரியும். இன்று சத்தம் கிணறு இருக்கும் ஊர்ப்பக்கம்.

போய்ச் சொல்ல வேண்டியதுதான். அதைவிட வேறு வழி இல்லை. இந்தச் சொல் எங்கள் ஊரில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் எங்கள் ஊர் எது என்று அடுத்த கேள்வி வரும். என் கடவுச்சீட்டில் பிறந்த இடம் மாத்தளை. பொய் இல்லை. பிள்ளைப்பேறுக்கு அம்மா மாமி வீட்டுக்குப் போயிருந்தார். நாற்பதாம் நாள் என்னைத் தூக்கிக்கொண்டு விசுவமடுவுக்குத் திரும்பிவிட்டார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, யுத்தம் நடந்த இடத்தில் வாழ்ந்ததுண்டா என்ற கேள்விக்கு முகவர் இல்லை என்று அடித்துவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வேலை போகட்டும். எனக்கு அந்த மேசைதான் பயம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் நான், எந்த ஊர், எப்போது வந்தாய், யாரோடு வந்தாய். யுத்தம் முடிந்து வந்தபோது ஒரு தரம் இருந்து எழும்பிவிட்டேன். இன்னொரு தரம் இருக்க என்னால் ஏலாது என்று நினைத்திருந்தேன்.

வதனி, உனக்கு இது தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். தங்கச்சி யுத்தத்தின் கடைசி நாட்களில் ஒருநாள் என்னோடு கோப்பைக்குச் சண்டை பிடித்துவிட்டு, கோபத்தில் "போறன்" என்று சொல்லித்தான் கஞ்சி வரிசைக்குப் போனது. நான் திருத்தவில்லை. வரிசையைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம்.

பெப்ரவரி 22, சனி

காலையில் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். கப்டன் றீவ்ஸ் என்ற பெண்தான் பொறுப்பு. நான் கதவைத் தட்டியபோது அவர் எழும்பியே நின்றார். என்னைக் கூப்பிட ஆள் அனுப்பவிருந்ததாகச் சொன்னார். நானாக வந்தது அவருக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும்.

மேசை, இரண்டு கதிரை. என் கதிரை கதவுக்கு முதுகைக் காட்டி இருந்தது. திருப்பிப் போடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

குரலைப் போட்டுக் காட்டினார். "மச்சான், பூட்டு. போட்டு வாறன்." அடுத்தது, "மச்சான், போட்டு வாறன்." ஒன்றன்பின் ஒன்றாக மாமனின் குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வரும் சிரிப்பு. அவருக்கு அது பிடிக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: அதைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். எல்லா வரியும் அதே வரி.

அது விடைபெறும் சொல் என்றேன். அவர் நம்பவில்லை. வேறு நாட்டில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைத் திரையில் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, வயதான மனிதர். திருச்சிக்காரர் என்று பிறகு சொன்னார்.

"வணக்கம் தம்பி. ஆடியோவுல தெளிவா 'போட்டு'ன்னுதான் இருக்கு. எதையோ போட்டுட்டு வரேங்கிறாரு. இதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்?"

"போய்விட்டு வாறன், ஐயா. அதைத்தான் நாங்கள் போட்டு வாறன் எண்டு சொல்லுறது. வீட்டிலயிருந்து வெளிக்கிடேக்கை சொல்லுறது."

"எந்த ஊர்ல? உங்களுக்கு மாத்தளைன்னு இங்க போட்டிருக்கு. எனக்கு மாத்தளை நண்பர்கள் இருக்காங்க. அவங்க இப்படிப் பேசிக் கேட்டதில்லையே."

வெளியில் சத்தம் கேட்டது. பவுசர் ஊரிலிருந்து வெளிக்கிட்டிருக்கும். கப்டனின் காதிலும் ஒரு கருவி இருந்தது. அதில் யாரோ ஏதோ சொல்ல, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மாத்தளையில பிறந்தது மட்டும்தான் ஐயா. வளர்ந்தது விசுவமடு."

"அங்க எந்த வருஷம் வரைக்கும் இருந்தீங்க?"

"கடைசி வரைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் திரையில் அவருடைய தலைமுடி மட்டும் தெரிந்தது. பிறகு கப்டனிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்கு விளங்கியது இவ்வளவு: நான் தவறாகச் சொல்லிவிட்டேன். இது போயிட்டு வரேன் என்பதேதான். அவர்கள் வாயில் அது இப்படித் தேய்ந்திருக்கிறது. நானே தினமும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

கப்டன் என்னிடம் கேட்டார், போகும்போது ஏன் வருகிறேன் என்கிறீர்கள் என்று.

"போறன் எண்டு சொன்ன ஆக்கள் வரேல்லை" என்று தமிழில் சொல்லிவிட்டேன். திருச்சிக்காரர் அதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்தார்.

அப்படியானால் நேற்று முன்தினம் ஏன் அவரை எச்சரித்தாய் என்று கேட்டார். சத்தம் பவுசரோடு வந்து பவுசரோடு போனது என்றேன். அந்த உயரத்தில் கீழே இருப்பவருக்குக் கேட்க வாய்ப்பில்லை என்றார். எனக்குக் கேட்கும் என்றேன். எப்படி என்று கேட்டார்.

"எங்கட பக்கத்தில அதை வண்டு எண்டு சொல்லுறது."

அன்று எழுதாமல் விட்ட பெயரை இன்றுதான் எழுதுகிறேன்.

வளைவில் புதைப்பது என்ன என்று கேட்டார். ட்ரம், ஆடு தண்ணீர் குடிக்க, நான் கொடுத்தது என்றேன். என்ன ட்ரம்? குளோரின் ட்ரம் என்றேன். குண்டு செய்யவும் ஆகும் சாமான்; அந்தச் சொல்லில் அவருடைய பேனா நின்றுவிட்டது. வெறும் ட்ரம், ஓட்டை ட்ரம், ஏழு தரம் கழுவியது, நான் அதில் தண்ணீர் குடித்துக் காட்டுகிறேன் என்று எழும்பி நின்று கத்தினேன். திருச்சிக்காரரும் அந்தப் பக்கத்திலிருந்து கத்தி மொழிபெயர்த்தார். கப்டன் கையைக் காட்டி இருவரையும் நிறுத்திவிட்டு வெளியே ஓடினார். நடக்கவில்லை, ஓடினார்.

கதவு பூட்டிக்கொண்டது. சத்தம் தாழ்ந்தது. வட்டம் சிறுத்தது.

"தம்பி, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார் திரையில் இருந்தவர். நான் குடிக்கவில்லை. அவரும் போகவில்லை. இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடையில் எப்போது மேசைக்கு அடியில் போய்க் குந்தினேன் என்பது எனக்கே தெரியாது.

பிறகு சத்தம் அகன்றது. மெல்ல மெல்ல, யாரோ பிடியைத் தளர்த்தியதுபோல். அதற்குப் பிறகு பவுசரின் ஹோர்ன். ஒரு தரம் நீளமாக, ஒரு தரம் கட்டையாக. வால்வைத் திறக்க ஆள் எங்கே என்று மாமன் கேட்கிறார்.

நான் எழும்பி வந்து மேசையில் தலையை வைத்து அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

விண்ணப்பத்தில் இருப்பதும் நான் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. வியாழக்கிழமை விமானத்தில் ஊருக்கு அனுப்புகிறார்கள். கப்டன் நேரில் வந்து சொன்னார். தன் கையில் இல்லை என்றார். நன்றியும் சொன்னார். எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வதனிக்குப் போனில் சொன்னேன். "வாங்கோ" என்றாள். 

பாண்டி அண்ணை என் பெட்டியைப் பார்த்து நின்றார். "நா காப்பாத்தணும்னுதான்வே செஞ்சேன்." தெரியும் அண்ணை என்றேன். கொஞ்சம் கழித்து, சமையலறையில் எண்ணெய் ட்ரம் ஒன்று காலியாகக் கிடக்கிறது, அந்த வண்டிக்காரனுக்கு ஆகுமா என்று கேட்டார். வளைவில் இருந்த ட்ரம்மைப் படைக்காரர் நேற்றே தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பெப்ரவரி 25, செவ்வாய்

மாமனை வாசலில் நிறுத்தி, போனில் இனி இங்கிலீஷ் மட்டும், அந்தச் சொல் கூடவே கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்ன நடக்க இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்தப் பாரம் அவருக்கு எதற்கு.

தண்ணீர் இறக்கி முடிந்ததும் வால்வைப் பூட்டிவிட்டு வேலியடிக்குப் போனேன். குழாயைச் சுருட்டினார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பாடம் சரியாகப் படித்த பிள்ளையைப் போலப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், போறன்."

பவுசர் நகர்ந்தது. மேலே சத்தம் இருந்தது. இன்று எங்கள் தலைக்கு நேரே.

நான் வேலியோடு ஓடினேன். காவலில் நின்றவன் நில் என்று கத்தினான். "மாமன், நில். சொல்லிப்போட்டுப் போ. வடிவாச் சொல்லு." வேலிக் கம்பியைப் பிடித்து ஆட்டினேன். பவுசர் நின்றது. மாமன் ஜன்னலால் தலையை நீட்டி என்னைப் பார்த்தார், காவல்காரனைப் பார்த்தார், விரலை வாயில் வைத்து வானத்தைக் காட்டினார். கேட்கட்டும் என்றேன். எத்தனை பேர் கேட்டாலும் கேட்கட்டும்.

அவர் வானத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பலமாக, எழுத்தெழுத்தாக. "போட்டு வாறன்."

இரவு வரை என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மேசைக்கு முன்னால்தான். இந்த முறை கதிரையை நானே திருப்பிப் போட்டேன்.

பெப்ரவரி 27, வியாழன்

விமானத்தில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் தண்ணீர் வந்தது. கடைசித் தரமாக வால்வைத் திறந்து பூட்டினேன். பாண்டி அண்ணை எண்ணெய் ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்து, காவல்காரனுக்கு ஒரு பார்சல் பிரியாணி கொடுத்து, வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தார். மாமன் அதைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

போவது இன்று நான். அதனால் சொல்லவேண்டியதும் நான்தான். அவர் அதற்காகவே குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் இனி வரமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

"போட்டு வாறன், மாமன்."

"வா, மச்சான்" என்றார்.

விமானம் எழும்பியது. நான் ஜன்னல் பக்கம். தாங்கி தெரிந்தது, வேலி தெரிந்தது, பிறகு ரோடு. வளைவில் பவுசர் நின்றது. ஒருவர் குனிந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உருண்டையாக ஏதோ ஒரு சாமான். தள்ளிச் சில புள்ளிகள் காத்து நின்றன.

எனக்கு அவரைத் தெரியும். அந்த ட்ரம்மைக் காலையில் தொட்டுப் பார்த்தேன். அந்த ஆடுகளையும் தெரியும். அப்படியிருந்தும் மேலிருந்து பார்க்கும்போது, ரோட்டோரத்தில் ஒருவன் எதையோ புதைத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு வேறு விதமாகத் தெரியவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் கீழே என்ன என்று கேட்டார்.

"தண்ணிக்காரர்" என்றேன். கேட்காததுபோல் பார்த்தார். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.